ஆடிக்காற்றும் நாலேகால் மணி நேரமும்

(தஞ்சாவூரில் ஒரு வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சுக்கு "விமானத் தூரமும் பயண நேரமும்" என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தில், ஒரு ரயில் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போனால் என்று ஆரம்பிக்குமே, அந்தப் பாடம் மாதிரி இருக்கிறது. இதைக் கேட்க ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இத்தனை பேர் ஏன் வந்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் மகனோ மருமகனோ தம்பியோ சிங்கப்பூரில் இருக்கிறார். அதனால் உலகத்து ஊர்களையெல்லாம் விட்டுவிட்டு, சென்னை, சிங்கப்பூர் என்ற இரண்டு ஊர்களோடு நிறுத்திக்கொள்கிறேன். நடுவில் திருச்சியும் நாகப்பட்டினமும் வந்து போகும்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் விமானம் ஓட்டியவன் இல்லை. தரையில் உட்கார்ந்து, எந்த வழியாகப் போக வேண்டும், எத்தனை ஆயிரம் அடி உயரத்தில் போக வேண்டும், எவ்வளவு எரிபொருள் ஏற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டு, விமானியிடம் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குகிற வேலை. டிஸ்பாட்சர் என்பார்கள். லாரி ஷெட்டில் லோடு ஏற்றி அனுப்புகிற உத்தியோகம் என்று என் மாமனார் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை, வேலையும் அப்படியொன்றும் வேறில்லை.

பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால், சென்னை விமான நிலையத்தில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். கும்பகோணம் பக்கம் அரிசி ஆலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். மகளைப் பார்க்க முதல் தடவையாகச் சிங்கப்பூர் போகிறார். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"எவ்வளவு தூரம் தம்பி?"

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஐயா."

"பிளேன் என்ன வேகத்துல போகும்?"

"மணிக்கு எண்ணூத்து முப்பது போகும்."

"டிக்கெட்ல நாலேகால் மணி நேரம்னு போட்டிருக்கே."

ஆமாம் என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, டிக்கெட் உறையின் பின்பக்கம் வகுத்தார். கால்குலேட்டர் கிடையாது. கீழே கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தார். "மூணரை மணியில போய்ச் சேந்திரணும். மிச்சம் முக்கால் மணி எங்க போச்சு?"

ஆலையில் மூட்டைக் கணக்குப் பார்த்தவர். முக்கால் மணி நேரம் குறைவது அவருக்கு முக்கால் மூட்டை குறைவது மாதிரி. அன்றைக்கு நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். சரியான பதில் சொல்ல ஒரு மணி நேரம் வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை இன்றைக்கு உங்களிடம் வாங்கியிருக்கிறேன்.

முதலில் தூரம். பூகோள உருண்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஒரு குண்டூசி, சிங்கப்பூரில் ஒரு குண்டூசி. நடுவில் ஒரு நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்தால், உருண்டையின் மேல் அது படிகிற கோடுதான் மிகக் குறுகிய வழி. கிலோமீட்டரில் கேட்டால் இந்த இடத்தில் எங்கள் ஆட்கள் கொஞ்சம் தயங்குவார்கள். எங்களுக்குக் கடல்மைல்தான் வாய்க்கு வரும். பூமியின் நடுவில் நின்று பார்த்தால் அந்த நூல் எத்தனை பாகை கோணம் காட்டுகிறது என்று பார்ப்பது. ஒரு பாகைக்கு அறுபது கலை. ஒரு கலைக்கு ஒரு கடல்மைல். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 26 பாகையும் கொஞ்சமும். அறுபதால் பெருக்கினால் ஏறத்தாழ 1,578. ஒரு கடல்மைல் 1,852 மீட்டர். ஆகக்கூடி 2,920 கிலோமீட்டர், ஒரு சில கிலோமீட்டர் கூடக்குறைய.

பூமி எவ்வளவு பெரியது என்று துல்லியமாகத் தெரியாவிட்டால் இந்த நூல் கணக்கு நிற்காது. இந்தியாவில் அந்த அளவை எடுக்க ஆரம்பித்தது எங்கே தெரியுமா? பரங்கிமலையில், இன்றைய விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி அந்த மலையடிவாரத்தில் நூறடி எஃகுச் சங்கிலியை நீட்டி நீட்டி, ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளந்தார். சித்திரை வெயிலில் எஃகு நீளும். அதற்காகச் சங்கிலியைப் பெட்டிகளுக்குள் கிடத்தி, தெர்மாமீட்டர் வைத்து, சூட்டுக்குத் தக்கபடி கூட்டிக் கழித்திருக்கிறார்கள். பிற்பாடு இமயமலை வரைக்கும் போன பெரிய நில அளவையின் பிள்ளையார் சுழி அந்த ஏழரை மைல்தான்.

அவர் கையிலிருந்த கோணமானி, தியோடலைட், அரை டன் எடை. லண்டனில் செய்தது. வருகிற வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய், பிறகு மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள். சண்டை நடந்த காலத்திலும் அளக்கிற கருவிக்கு ஒரு மரியாதை இருந்திருக்கிறது. டெல்டாவில் மலை ஏது? தென்னந்தோப்புக்கு மேலே பார்வை போக வேண்டுமானால் கோவில்தான் கதி. 1808-இல் அந்தக் கருவியை நம் பெரிய கோவிலின் மேல் ஏற்றினார்கள். பாதியில் கயிறு அறுந்தது. கருவி கல்லில் போய் மோதி, பாகை குறித்த வட்டம் கோணிப்போனது. லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைத் தானே தட்டி நிமிர்த்தினார். நான் டிஸ்பாட்சராக இருந்த காலத்தில், கம்ப்யூட்டர் ஒரு நொடியில் தூரத்தைத் துப்பும்போதெல்லாம் அந்தக் கயிறு எனக்கு ஞாபகம் வரும். இனி பெரிய கோவிலுக்குப் போனால் நீங்களும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து வாருங்கள்.

நூல் கணக்கில் இன்னொரு வேடிக்கை உண்டு. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு இழுத்தால் ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர் வரும். சென்னையைவிட அறுபது அதிகம். நூல் ஒரத்தநாடு பக்கமாகப் போய், கோடியக்கரை அருகே கடலில் இறங்கும். நாகப்பட்டினத்திலிருந்து இழுத்தால் 2,865 அளவில் முடிந்துவிடும். மூன்றில் கிட்டத்தில் இருப்பது நாகை. அங்கே துறைமுகம் இருந்தது, விமான நிலையம் இல்லை. மன்னார்குடிக்காரர் எதைப் பிடிப்பார்? வானத்தில் அறுபது கிலோமீட்டர் அதிகமான திருச்சியை. சென்னைக்கு ஏழெட்டு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டுமே.

வழியில் என்ன இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன், ஜன்னல் சீட்டுக்காரர்களுக்கு உதவும். சென்னையில் போட்ட நூல் வங்கக் கடலைக் குறுக்காகத் தாண்டி, பெரிய நிக்கோபார் தீவின் தென்முனைக்குச் சற்றுத் தெற்கே போகிறது. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை அது. 2004 சுனாமிக்குக் காரணமான நிலநடுக்கத்தில் அந்த முனை சில மீட்டர் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகம் தண்ணீருக்குள் நிற்கிறது. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று சொல்வது இந்தத் தீவுகளைத்தான். ஒரு பக்கம் நக்கவாரம், மறுபக்கம் சுமத்ராவின் வடமுனை. நூல் இரண்டுக்கும் நடுவே நுழைந்து, மலாக்கா நீரிணையை ஒட்டியே சிங்கப்பூர் வரை இறங்குகிறது. வரைபடத்தில் பாருங்கள். கப்பலும் அந்த இடைவெளியில்தான் நுழைந்தாக வேண்டும். கடாரம் போன மரக்கலத்துக்கும் இரவு பதினொன்றரை விமானத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே தெரு.

நிஜ விமானம் நூல் பிடித்த மாதிரி போகாது. வான்வழிகள் போட்டு வைத்திருக்கிறார்கள். அவற்றின் மேல் வழிநெடுகப் பெயர் வைத்த புள்ளிகள். கிழக்கே போகிற விமானத்துக்கு 33, 35, 37 ஆயிரம் அடி என்று ஒற்றைப்படை, மேற்கே வருவதற்கு இரட்டைப்படை. அரசியல் சண்டை வந்தால் தெருவே மூடப்படும். 2022-க்குப் பிறகு ரஷ்ய வானம் அடைபட்டதால் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணியில் போன விமானம் பதின்மூன்று மணி பறக்கிறது. இரண்டு ஊரும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன. நம் வங்கக் கடலில் அந்தத் தொல்லை இல்லை. சுற்று என்று பார்த்தால் பெரும்பாலும் கொஞ்சம்தான். அதனால் பெரியவரின் முக்கால் மணியில் இந்தக் கணக்கில் கழிவது சில நிமிஷங்கள்.

பெரிய களவாணி காற்று.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம். எந்தத் திசையிலிருந்து அடிக்கிற காற்று அது? மேற்கிலிருந்து. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து, கரூர், திருச்சி என்று மண்ணை வாரிக்கொண்டு கிழக்கே ஓடுகிற காற்று. கடலுக்கு மேலும் அதே தென்மேற்குக் காற்றுதான். நாகையில் பாய் விரித்தால் கடாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். ஐப்பசி, கார்த்திகையில் திசை மாறும்; வாடை பிடித்துத் திரும்பலாம். பாய்மரக் காலத்தில் போக்குவரத்துக்கு வருஷக் கணக்கு ஆனதற்குக் காரணம் தூரமில்லை. திரும்புகிற காற்றுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, ஆடி மாதம் விமானத்தில் சிங்கப்பூர் போகிறவருக்கும் இந்தக் காற்று பின்னாலிருந்து தள்ளும்தானே? வேலையில் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் தடவை ஜூலை மாதக் காற்றுப் படத்தைக் கையில் எடுத்தபோது, அச்சில் ஏதோ தப்பு என்று தாளைத் திருப்பிப் பிடித்தேன். பக்கத்தில் இருந்த சீனியர் சிரித்தார். "தாள் சரியாத்தான் இருக்கு. மேலே காத்து உல்டா."

தரையில் மேற்குக் காற்று அம்மியைப் பறக்கடிக்கும் அதே நாளில், பன்னிரண்டு பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பெருங்காற்று ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவுக்கு நேர் மேலே. கோடையில் திபெத் பீடபூமியும் வட இந்தியாவும் காய்ந்து, அதற்கு மேலுள்ள காற்று சூடாகிறது. தெற்கே கடலுக்கு மேல் அவ்வளவு சூடு இல்லை. உலகத்தின் மற்ற இடங்களில் பெரும்பாலும் துருவத்தை நோக்கிப் போகப் போகக் குளிர்ச்சி; இங்கே அந்த மாதங்களில் தலைகீழ். அதனால் உயரத்துக் காற்றும் தலைகீழாக ஓடுகிறது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் நம் இந்திய வானிலைத் துறையில் இருந்த பி. கோட்டீஸ்வரம், 1950-களில். பிற்பாடு அந்தத் துறைக்கே தலைவரானார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுதுகிற புத்தகங்களில், கிழக்கே பறந்தால் சீக்கிரம் போகலாம், மேற்கே பறந்தால் நேரமாகும் என்று ஒரே போடாகப் போட்டிருப்பார்கள். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அது சரி. ஆடி மாதச் சென்னைக்கு அது பொருந்தாது. நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்திலாவது இதைச் சேர்க்கலாம் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

கணக்காகப் பார்ப்போம். எதிர்க்காற்று சராசரியாக மணிக்கு 55 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விமானம் காற்றுக்குள் 830 வேகத்தில் போனாலும், தரையைப் பொறுத்தவரை நகர்வது 775-தான். 2,920-ஐக் கடக்க மூன்று மணி நாற்பத்தாறு நிமிஷம். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில்: 885, மூன்று மணி பதினெட்டு. போவதற்கும் வருவதற்கும் இருபத்தெட்டு நிமிஷ வித்தியாசம்.

இதை நாங்கள் வேறு மாதிரியும் சொல்வோம். போகும்போது விமானம் குடைந்து சென்ற காற்றின் நீளம் 3,127 கிலோமீட்டர், வரும்போது 2,738. தரையில் தூரம் ஒன்றே. எங்கள் தாளில் இரண்டு கட்டம் இருக்கும், தரைத் தூரம், காற்றுத் தூரம் என்று. எரிபொருள் போடுவது இரண்டாவது கட்டத்தைப் பார்த்து. என்ஜினுக்குத் தெரிந்தது அந்தத் தூரம் ஒன்றுதான்.

ஆடியில் இன்னொரு கோளாறும் சேர்ந்துகொள்ளும். விமானம் பொதுவாகத் தரைக்காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். சென்னையின் பெரிய ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மேற்குக் காற்று வீசினால் மேற்கே பார்த்து ஓடி எழும்ப வேண்டும். போக வேண்டியது கிழக்கே கடல் பக்கம். கிளம்புவது காஞ்சிபுரம் பக்கம். எழும்பி, வளைந்து, திரும்பி, ஊரைத் தாண்டி மறுபடி கடலுக்கு வர வேண்டும். தரைக்காற்றும் எதிரி, மேல்காற்றும் எதிரி. அதே காற்று ராஜேந்திரனின் கப்பலுக்குத் தோழன்.

காற்று கணக்கு வருஷம் முழுக்க ஒன்று போல இருக்காது என்பதால், விமானக் கம்பெனிகள் பருவத்துக்குத் தகுந்த மாதிரி அட்டவணை போடுகின்றன. டிக்கெட்டில் இருக்கிற நாலேகால் மணி என்பது பறக்கிற நேரமே அல்ல. சென்னையில் சக்கரத்துக்கு அடியிலிருந்து கட்டையை உருவுகிற நிமிஷம் தொடங்கி, சிங்கப்பூரில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கிற நிமிஷம் வரை. அந்தக் கட்டைக்குச் சாக்ஸ் என்று பெயர். காலில் மாட்டுகிற சாக்ஸ் இல்லை. மஞ்சள் வண்ணம் அடித்த ஆப்புக் கட்டை. மழையில் நனைந்துகொண்டு அதை வைக்கிற பையனின் கை நகர்ந்தால்தான் ஒரு பயணம் தொடங்கும், முடியும். எங்கள் பதிவேட்டில் நாலு நேரம் எழுதுவோம்: கட்டை எடுத்தது, எழும்பியது, தொட்டது, கட்டை வைத்தது. நடுவில் இருக்கிற இரண்டுதான் வானம். முன்னும் பின்னும் தரையில் ஊர்கிற நேரம். வரிசையில் நாலாவதாக நின்றால் பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம்.

எழும்பியதும் உடனே 830 வந்துவிடாது. 35,000 அடி ஏற இருபது, இருபத்தைந்து நிமிஷம் பிடிக்கும். இறங்குவதற்கு எங்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: உயரத்தை ஆயிரத்தில் எடுத்து மூன்றால் பெருக்கு, அத்தனை கடல்மைலுக்கு முன்னாலேயே இறங்க ஆரம்பி. 35 ஆயிரமென்றால் 105 கடல்மைல். சிங்கப்பூருக்கு இருநூறு கிலோமீட்டர் இருக்கும்போதே, மலாக்கா பக்கத்திலேயே, வேகம் குறைய ஆரம்பித்துவிடும். மீதியைத் தரைக் கட்டுப்பாட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். உனக்கு முன்னால் ஆறு பேர், நீ இப்படி ஒரு சுற்றுச் சுற்றி வா என்பார்கள்.

அதோடு பயம். அட்டவணையில் பயத்துக்கும் சில நிமிஷங்கள் உண்டு. சிங்கப்பூரில் சுமத்ரா என்று ஒரு புயற்காற்று வகை. தென்மேற்குப் பருவ மாதங்களில், இரவில் சுமத்ரா தீவுப் பக்கம் திரண்டு, நீரிணையைத் தாண்டி, விடியற்காலையில் ஒரு சுவர் மாதிரி வந்து மோதும். ஒரு மணி, இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். நம் ராத்திரி விமானம் போய்ச் சேர்வது அந்த விடியற்காலையில். அதற்குக் காத்துச் சுற்றவும் எரிபொருள் வேண்டும். நாங்கள் போடுகிற கணக்கில் போகிற வழிக்கு ஒரு பங்கு, வழியில் தப்பிதத்துக்கு ஐந்து சதவீதம், சிங்கப்பூரில் இறங்க முடியாவிட்டால் பக்கத்து விமான நிலையத்துக்குப் போக ஒரு பங்கு, அதற்கும் மேல் அரை மணி நேரத்துக்கு ஒரு பங்கு. இதையெல்லாம் பார்த்த பிறகும் சில கேப்டன்கள் தாளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்ப்பார்கள். "சுமத்ரா வரும்போல இருக்கு சார். இன்னும் ஒரு டன் போடுங்க." போட்டுவிடுவேன். அந்த ஒரு டன்னைத் தூக்கிக்கொண்டு போகவும் கொஞ்சம் எரிபொருள் எரியும். அது கம்பெனிக்குப் பிடிக்காது. ஆனால் கையெழுத்துப் போடுகிறவர் அவர்.

பெரியவருக்கு இப்போது பதில் சொல்லலாம். முக்கால் மணி: கொஞ்சம் காற்று, கொஞ்சம் ஏற்ற இறக்கம், கொஞ்சம் தரை, கொஞ்சம் வரிசை, கொஞ்சம் பயம். காற்று ஒத்துழைத்து வரிசையும் இல்லாத நாளில் விமானம் இருபது நிமிஷம் முன்னாலேயே போய்விடும். பயணிகள் கைதட்டுவார்கள். அட்டவணையில் கூட்டி வைத்த நிமிஷம் அது என்று யாரும் சொல்வதில்லை.

இவ்வளவும் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே. வீட்டு வாசலுக்கும் வாசலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்பது வேறு கதை. நான் கொஞ்ச காலம் சின்ன ஊர் ஒன்றின் விமான நிலையத்தில் வேலை பார்த்தேன். ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்குப் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. பதினாலு பேர். ஒரு பையன் முதல் தடவையாக வேலைக்குப் போகிறான். நெற்றியில் விபூதி, கழுத்தில் மாலை, தங்கை கையில் முறுக்கு டப்பா. வாசல் காவலர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். 14-ஆம் தேதி, 00:40 என்று இருந்தது. அன்றைக்கு 14-ஆம் தேதிதான். ஆனால் அந்த விமானம் அன்று விடிவதற்கு முன்பே, பன்னிரண்டு நாற்பதுக்கே, போய்விட்டது. அவர்கள் வந்திருக்க வேண்டியது 13-ஆம் தேதி இரவு. பையனின் அப்பா டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பதினாலு ராத்திரின்னுதானே ஏஜென்ட் சொன்னாரு?" ராத்திரி பன்னிரண்டு தாண்டினால் நம் ஊரில் அது முந்தின நாளின் ராத்திரிதான், கோழி கூவினால்தான் மறுநாள். சைபர் சைபர் நாற்பது என்ற எழுத்து அந்த வீட்டில் யாருக்கும் ஒரு பொழுதைக் காட்டவில்லை. நாலு மணி நேரப் பயணத்துக்கு அந்தப் பையன் ஐந்து நாள் காத்திருந்து வேறு டிக்கெட்டில் போனான். முறுக்கு டப்பாவைத் தங்கை காவலரிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

கடிகாரம் செய்கிற குழப்பம் அதோடு தீராது. சென்னையில் இரவு பதினொன்றரைக்குக் கிளம்பினால் சிங்கப்பூரில் காலை ஆறேகால். பார்த்தால் ஆறே முக்கால் மணி நேரம். திரும்பும்போது அங்கே இரவு எட்டுக்குக் கிளம்பி இங்கே ஒன்பதே முக்காலுக்கு இறங்கிவிடலாம், ஒன்றே முக்கால் மணி நேரத்தில். இரண்டு ஊருக்கும் இரண்டரை மணி வித்தியாசம் என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். மகனுக்கு போன் போடும்போது தினமும் கூட்டுகிறீர்கள். சூரியனைக் கேட்டால் இரண்டரை என்று சொல்லாது. இரண்டு ஊருக்கும் நடுவே தீர்க்கரேகையில் ஏறத்தாழ 24 பாகை. பாகைக்கு நாலு நிமிஷம். ஒரு மணி முப்பத்தைந்து நிமிஷம்தான் நியாயமான வித்தியாசம். மீதி ஐம்பத்தைந்து நிமிஷம் அரசாங்கங்கள் சேர்த்தது. சிங்கப்பூரில் வருஷம் முழுக்கச் சூரியன் ஏழு மணி வாக்கில் உதிப்பதற்கு அதுதான் காரணம். ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்தபோது டோக்கியோ நேரமே அங்கே ஓடியது. பிறகு நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி வித்தியாசம் என்று நின்றது. 1982 ஜனவரி முதல், மலேசியா தன் இரண்டு பகுதிகளுக்கும் ஒரே நேரம் என்று அரை மணி முன்னே தள்ள, சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது.

இந்த அரை மணியில் எனக்கு ஒரு சொந்த விஷயம் இருக்கிறது. என் பெரியப்பா 1950-களில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். ராஜுலா. 1926-இல் கட்டிய கப்பல், ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. நாகையில் அது கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். பினாங்கு, கிள்ளான் துறைமுகம், பிறகு சிங்கப்பூர். மணிக்குப் பன்னிரண்டு கடல்மைல் ஓடுகிற கப்பலுக்கு 1,600 கடல்மைல் என்றால் ஓட்டம் மட்டுமே ஐந்தரை நாள். நின்று நின்று போக ஒரு வாரம். பெரியப்பா மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர். முதல் மூன்று நாள் வாந்தி, நாலாம் நாள் சீட்டுக்கட்டு என்று சொல்வார். கப்பலில் கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முன்னே தள்ளுவார்களாம். போய் இறங்கும்போது உடம்புக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அதற்குப் பின்னால் சிதம்பரம் என்ற கப்பல் வந்தது. முன்பு பிரெஞ்சுக்காரர்களிடம் பாஸ்தர் என்ற பெயரில் ஓடியது. 1985-இல் அது நடுவழியில் தீப்பிடித்ததோடு அந்தத் தெருவில் பயணிகள் கப்பல் நின்றது.

பெரியப்பா 1971-இல் ராஜுலாவிலேயே திரும்பி வந்து மன்னார்குடியில் உட்கார்ந்துவிட்டார். கையில் ஒரு கடிகாரம். அதை அவர் நம் நேரத்துக்கு மாற்றவே இல்லை. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்து, இப்ப சிராங்கூன் ரோட்டுல கடை மூடுற நேரம் என்பார். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அதில் இரண்டு மணி கழிக்கத் தெரியும். நான் 1986-இல் வேலையில் சேர்ந்தேன். அட்டவணைகளைப் படிக்கும்போதுதான் வித்தியாசம் இரண்டில்லை, இரண்டரை என்பது எனக்கு உறைத்தது. நாலு வருஷமாக அந்தக் கடிகாரம் சிங்கப்பூர் நேரத்தையும் காட்டவில்லை, மன்னார்குடி நேரத்தையும் காட்டவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது சொன்னேன், அரை மணி முன்னே வைக்கணும் பெரியப்பா என்று. அவர் அதைக் கழற்றி, காதில் வைத்து ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி கையில் கட்டிக்கொண்டார்.

"நான் இருந்தப்ப ரெண்டு மணிதான்டா" என்றார்.